தோட்ட வாசலுக்கு உலோகப் பெயர்ப்பலகை: எந்தத் தகடு, எப்படி எழுத்து?

வேலியோரம்

வணக்கம். தோட்டத்தின் நுழைவில் வைக்க உலோகத்தில் ஒரு பெயர்ப்பலகை செய்யச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அம்மா பார்த்துப் பார்த்து வளர்த்த தோட்டம் இது. அவர் வைத்த பெயரையே பலகையில் போட வேண்டும், அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் கொஞ்சம் அவசரம் இருக்கிறது. ஆனால் இரண்டு மழைக்குள் இளித்துவிடும் பலகையை வைக்க மனம் வரவில்லை.

அளவு ஏறக்குறைய மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரம். இரண்டு கம்பத்தில் நிறுத்துவதா, மதிலில் பொருத்துவதா என்று இன்னும் முடிவாகவில்லை. பின்னால் அடர்த்தியான செடிவேலி. ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் அந்த இடத்தில் தினமும் படும்.

விசாரித்த இடத்தில் எல்லாம் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் சாதாரண இரும்புத் தகட்டில் கறுப்பு பவுடர் கோட்டிங் போதும் என்கிறார். இன்னொருவர் ஸ்டெயின்லெஸ் தவிர எதுவும் வேண்டாம் என்கிறார். எனக்கோ படங்களில் பார்த்த அந்தத் துருநிறப் பலகை மேல் ஆசை. இதோடு முக்கியமான செடிகளுக்குச் சின்னப் பெயர்த்தகடுகளும் செய்ய வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செடிப்பெட்டி

அலுமினியத் தகடு, மேலே பவுடர் கோட்டிங். எடை குறைவு, துருப்பிடிக்கும் பேச்சே இல்லை. என் தோட்டத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருக்கிறது, ஒரு குறையும் இல்லை.

பட்டறைக்காரர்

வேலியோரம், எந்த உலோகம் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தகடு வெட்டும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பழுதாகித் திரும்பி வரும் பலகைகளில் தகட்டின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெடுவது மூன்று இடங்களில்தான்: வெட்டு விளிம்பு, திருகு போட்ட துளை, மண்ணைத் தொடும் கம்பின் அடி. இந்த மூன்றையும் எப்படிச் செய்யப் போகிறார் என்று செய்பவரிடம் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவர் எந்த உலோகத்தில் செய்தாலும் நிற்கும்.

விளிம்பு விஷயத்தை விளக்குகிறேன். எம்எஸ் எனப்படும் சாதாரண இரும்புத் தகட்டை லேசரில் வெட்டும்போது பெரும்பாலும் ஆக்சிஜன் வாயுவை ஊதி வெட்டுவார்கள். அப்போது வெட்டு முகத்தில் கருநீலமாக ஒரு ஆக்சைடு படலம் உட்காரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது தகட்டை இறுகப் பிடித்திருக்காது. அதன் மேல் பெயின்ட் அடித்தால் நாளடைவில் படலமும் பெயின்டும் சேர்ந்தே உரிந்து வரும். அந்த இடத்தில் துரு நுழைந்து பூச்சுக்கு அடியிலேயே பரவும். நைட்ரஜன் ஊதி வெட்டினால் இந்தப் படலம் வராது. ஆக்சிஜனில் வெட்டியதாக இருந்தால் விளிம்பைத் தேய்த்தோ மணல் அடித்தோ எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது கூர்மை. பவுடர் கோட்டிங் பொதுவாக 60 முதல் 80 மைக்ரான் தடிமன் வரும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). மின்னேற்றிய தூளைத் தகட்டில் ஒட்ட வைத்து, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பில் வைப்பார்கள். தூள் உருகி ஓடிப் படியும்போது கூர்மையான விளிம்பிலிருந்து பின்வாங்கிக்கொள்ளும். சமதளத்தில் 70 மைக்ரான் இருந்தாலும் விளிம்பில் அதில் பாதிகூட நிற்காது. அதனால் பிசிறு எடுப்பதோடு விடாமல், விளிம்பை மழுங்கவும் தேய்க்கச் சொல்லுங்கள். விரலை விளிம்பில் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரிந்துவிடும். குழந்தைகள் கை படும் உயரத்தில் பலகை இருந்தால் அதற்கும் இது அவசியம்.

தூளிலும் வகை உண்டு. வெறும் எபாக்ஸி தூள் தண்ணீரை நன்றாகத் தாங்கும், வெயிலைத் தாங்காது. சீக்கிரமே நிறம் மங்கி, தொட்டால் கையில் சுண்ணாம்பாக ஒட்டும். வெளியில் நிற்கும் பலகைக்கு மேல்பூச்சு பாலியெஸ்டராக இருக்க வேண்டும். இரும்புத் தகடு என்றால் அடியில் துத்தநாகம் கலந்த ப்ரைமரும் தேவை. "பவுடர் கோட்டிங் செய்து தருவோம்" என்று மட்டும் சொன்னால் திருப்திப்படாதீர்கள். எந்தத் தூள், அடியில் என்ன என்று கேளுங்கள்.

வேலியோரம்

பட்டறை அண்ணே, மிக்க நன்றி. யாரும் இதைச் சொல்லவில்லை. அப்படியானால் துருநிறப் பலகைக்கு இந்தப் பூச்சுத் தொல்லையே கிடையாதே? அதில் துருவே பூச்சு என்று படித்தேன்.

பட்டறைக்காரர்

பாதி சரி. கார்ட்டென் என்ற பெயரில் அமெரிக்காவின் யுஎஸ் ஸ்டீல் நிறுவனம் 1933-இல் கொண்டுவந்த எஃகு அது. இரும்பில் செம்பு, குரோமியம், நிக்கல், பாஸ்பரஸ் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். சாதாரண இரும்பின் துரு பொலபொலவென்று உதிரும், அடியில் புது இரும்பு வெளிப்பட்டு மறுபடி துருப்பிடிக்கும். இந்த எஃகின் துரு நெருக்கமாக இறுகி, அடுத்த அரிப்பை வெகுவாக மெதுவாக்கிவிடும்.

ஆனால் அப்படி இறுகுவதற்கு நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். உங்கள் இடத்தில் தினமும் ஸ்பிரிங்க்ளர், பின்னால் அடர்ந்த செடிவேலி, காற்றோட்டம் குறைவு. எப்போதும் ஈரமாகவே இருந்தால் துரு இறுகாது, சாதாரண இரும்பைப் போலவே தின்றுகொண்டே போகும். உப்புக் காற்றிலும் இதே கதிதான்.

இன்னொன்று, முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் மழை பெய்யும் போதெல்லாம் காவிநிறத் தண்ணீர் வடியும். கீழே சிமென்ட் தரையோ வெள்ளை மதிலோ இருந்தால் அந்தக் கறை லேசில் போகாது. சரளைக் கல்லோ மண்ணோ இருந்தால் கவலையில்லை.

மண்புழு

எனக்கு இதில் உடன்பாடில்லை. எங்கள் தோட்டத்தில் கார்ட்டென் பலகை இருக்கிறது. முதலில் ஆரஞ்சாக இருந்தது, இப்போது ஆழ்ந்த பழுப்புக்கு வந்துவிட்டது. செடிகளின் பச்சைக்கு நடுவே அந்த நிறத்துக்கு ஈடாக எந்தப் பெயின்டையும் நான் பார்க்கவில்லை. இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் 1998-இல் நிறுவிய 'ஏஞ்சல் ஆஃப் தி நார்த்' சிலையும் இந்த வகை எஃகுதான். 20 மீட்டர் உயரம், 54 மீட்டர் இறக்கை. அந்த ஊர் மழைக்கு அது கரைந்தா போய்விட்டது?

பட்டறைக்காரர்

மண்புழு, நீங்கள் சொல்லும் சிலை நல்ல உதாரணம். அது மேட்டில், எல்லாப் பக்கமும் காற்றடிக்கும் திறந்த வெளியில் நிற்கிறது. எவ்வளவு நனைந்தாலும் காய்ந்துவிடும். உங்கள் பலகை எங்கே நிற்கிறது?

மண்புழு

சரளைப் பாதையின் ஓரத்தில், நல்ல வெயிலில். ஸ்பிரிங்க்ளர் எட்டாது. சரி, நீங்கள் சொல்வது புரிகிறது. வேலியோரம், அந்த நிறம்தான் வேண்டும் என்றால் பலகையை அங்கிருந்து பத்தடி தள்ளி, காற்றும் வெயிலும் படும் இடத்துக்குக் கொண்டுபோகப் பாருங்கள். அல்லது ஸ்பிரிங்க்ளர் முனையைத் திருப்பி வையுங்கள். உலோகத்தை மாற்றுவதைவிட அது சுலபம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண எம்எஸ் தகட்டை உப்புத் தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்க வைத்து, அதையே கார்ட்டென் என்று விற்பவர்கள் உண்டு. எனக்கு முதலில் வந்த தகடே அப்படித்தான் இருந்தது, திருப்பி அனுப்பினேன். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. தகட்டு ஆலை தரும் சோதனைச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். செம்பும் குரோமியமும் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும்.

செடிப்பெட்டி

துருப்பிடித்த எம்எஸ் தகட்டின் மேல் கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடித்துத் தருகிறார்களே, அது எப்படி?

பட்டறைக்காரர்

வேண்டாம் அக்கா. தெளிந்த வார்னிஷில் வெயிலைத் தடுக்கும் நிறமி கிடையாது. வெயிலில் அது நுண்ணிய வெடிப்பு விடும், ஈரம் உள்ளே போகும், பிறகு துரு அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து பாளம் பாளமாக உரியும். திரும்ப அடிக்க வேண்டுமென்றால் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். கூரைக்கு அடியில் மாட்டுவதாக இருந்தால் பார்க்கலாம்.

கடற்காற்று

நான் கடலோரத்தில் இருப்பவன், ஸ்டெயின்லெஸ் பற்றி என் பங்குக்கு.

ஸ்டெயின்லெஸ் என்று பொதுவாகச் சொல்லி வாங்கினால் 304 என்ற ரகம் வரும். அதில் சுமாராக 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். உள்நாட்டுத் தோட்டத்துக்கு அது தாராளம். கடல் பக்கம் என்றால் 316 கேளுங்கள், அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கூடுதலாக இருக்கும். உப்பிலுள்ள குளோரைடு தகட்டில் புள்ளிப்புள்ளியாகக் குழி பறிப்பதை அது தடுக்கும். இங்கே 304 தகடுகளில் தேநீர் சிந்திக் காய்ந்த மாதிரி பழுப்புக் கறை படிவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

முகத்தின் மெருகும் முக்கியம். கோடு கோடாகச் சொரசொரப்பாக விட்ட தகட்டில் உப்பு தங்கும். வழவழப்பாக மெருகிட்டதில் மழையே கழுவிவிட்டுப் போகும். ஆனால் கண்ணாடி மாதிரி மெருகிட்டால் வெயிலில் எழுத்தே தெரியாது, கண் கூசும். நடுவாந்திரமான மெருகாகக் கேட்டு, கோடுகள் மேலிருந்து கீழாக இருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் அந்த வழியே இறங்கிவிடும்.

அப்புறம், இரும்பும் ஸ்டெயின்லெஸும் ஒரே மேசையில் தேய்க்கும் இடமா என்று பாருங்கள். இரும்பு அறுத்த கிரைண்டர் கல்லாலேயே ஸ்டெயின்லெஸைத் தேய்த்தால் இரும்புத் துகள் அதன் முகத்தில் பதிந்துவிடும். ஒரே வாரத்தில் அங்கங்கே துருப்பொட்டு எழும். அதைப் பார்த்து "தகடு போலி" என்று சண்டைக்குப் போவார்கள். தகடு அசல்தான், வந்த துரு கல்லில் இருந்து வந்தது.

வேலியோரம்

இவ்வளவு விஷயமா! பித்தளையும் ஒரு யோசனை இருந்தது. அம்மாவுக்குப் பித்தளை என்றால் பிடிக்கும்.

கடற்காற்று

மதிலில் மாட்டும் சின்னத் தகட்டுக்குப் பித்தளை அருமை. எழுத்தைக் குடைந்து கறுப்பு நிரப்பினால் நெடுங்காலம் படிக்கலாம். மூன்றடிப் பலகை என்றால் எடையும் செலவும் ஏறும். வெளியில் வைத்தால் களிம்பேறிப் பழுப்பாகும், அடிக்கடி துலக்க வேண்டும். துலக்காமல் அந்தப் பழுப்பையே விரும்புபவர்களும் உண்டு, எனக்கும் அதுதான் பிடித்தம். அம்மாவைக் கேட்டுவிடுங்கள்.

எழுத்துப்பித்தன்

உலோகம் பற்றி எல்லாரும் பேசியாயிற்று. தமிழ் எழுத்தைத் தகட்டில் வெட்டுவது பற்றி யாரும் பேசவில்லையே. அங்கேதான் நிறையப் பலகைகள் பாழாகின்றன.

இரண்டு முறை உண்டு. தகட்டில் எழுத்தை ஓட்டையாக வெட்டுவது ஒன்று, எழுத்தையே தனித்தனியாக வெட்டி எடுத்துப் பொருத்துவது இன்னொன்று. ஓட்டையாக வெட்டும்போது அ, ன, ண, ம போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் தகடு எதோடும் ஒட்டாமல் விழுந்துவிடும். விழாமல் பிடிக்க மெல்லிய பாலம் விட வேண்டும். ஆங்கில எழுத்தில் இது சிலவற்றுக்கு மட்டும்தான் தேவை. தமிழில் சுழி இல்லாத பெயரைத் தேடத்தான் வேண்டும். பாலத்தை எங்கே விடுவது என்பதைத் தமிழ் எழுதத் தெரிந்தவர் முடிவு செய்ய வேண்டும். கோடு தொடங்கும் இடத்திலோ திரும்பும் இடத்திலோ விட்டால் கண்ணுக்கு உறுத்தாது. தெரியாதவர் கையில் விட்டால் நட்டநடுவில் வெட்டி ன-வை வேறு எழுத்தாக்கிவிடுவார். பாலத்தின் அகலம் தகட்டின் தடிமனைவிடக் குறையக் கூடாது. 3 மில்லிமீட்டர் தகட்டில் 5 மில்லிமீட்டர் பாலம் விட்டால் நிம்மதி.

எழுத்தையே வெட்டி எடுப்பதில் சிக்கல் நேரெதிர். 'தோட்டம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பு, த, கால், ட, அதன் புள்ளி, அடுத்த ட, ம, அதன் புள்ளி. மொத்தம் எட்டுத் துண்டுகள். புள்ளி அந்தரத்தில் நிற்காது. ஒன்று எழுத்துகளை எல்லாம் ஒரு பின்தகட்டில் பொருத்த வேண்டும், இல்லையென்றால் மேலும் கீழும் பட்டை ஓடவிட்டுப் புள்ளியை அதோடு இணைக்க வேண்டும். புள்ளியை எழுத்தோடு நேராக ஒட்டிவிட்டால் தூரத்தில் இருந்து பார்க்கையில் வேறு எழுத்தாகத் தெரியும். தமிழில் புள்ளி போனால் சொல்லே போச்சு.

புள்ளியை ஓட்டையாகப் போடுவதாக இருந்தால் அதன் குறுக்களவு தகட்டின் தடிமனைப் போல் இரு மடங்காவது இருக்கட்டும். சின்னதாகப் போட்டால் பவுடர் கோட்டிங்கில் அடைத்துக்கொள்ளும்.

வேலியோரம்

எழுத்துப்பித்தன், சரியான நேரத்தில் வந்தீர்கள். நேற்று ஒரு பட்டறையில் இருந்து மாதிரிப் படம் அனுப்பினார்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது, காலுக்கு முன்னால் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம். "உங்கள் எழுத்து இப்படித்தான் வருகிறது" என்கிறார்கள்.

எழுத்துப்பித்தன்

அவர்களுடைய வரைகலை மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. யூனிகோடில் 'தோ' என்பதில் முதலில் த, அதற்குப் பின்தான் உயிர்க்குறி சேமிக்கப்படும். கொம்பைப் பிரித்து முன்னால் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. அதைச் செய்யாத மென்பொருளில் எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். சிலர் யூனிகோடு முறையில் இல்லாத பழைய பாமினி எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து அதில் யூனிகோடு உரையை ஒட்டிப் பார்ப்பார்கள், அப்போது வருவது இன்னும் மோசம்.

தீர்வு இதுதான். எழுத்தாக அனுப்பாதீர்கள். தமிழ் ஒழுங்காக வரும் ஒரு மென்பொருளில், உதாரணமாக இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில், பெயரை அடித்து, எழுத்துருவைத் தேர்ந்து, எழுத்தை வளைகோடாக மாற்றிவிடுங்கள். அதன் பிறகு அது எழுத்து அல்ல, வெறும் கோடு. எந்தக் கணினியில் திறந்தாலும் அப்படியே இருக்கும். எஸ்விஜி அல்லது டிஎக்ஸ்எஃப் என்ற கோட்டுப்படக் கோப்பாகக் கொடுங்கள். கூடவே அதே படத்தைப் பிடிஎஃப் ஆகவும் அனுப்பி, வெட்டுவதற்கு முன் இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். கடைசி வரைபடத்தில் உங்கள் ஒப்புதல் இல்லாமல் லேசரைத் தொடக் கூடாது என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

எழுத்துரு தேர்வில், எல்லாக் கோடும் ஒரே பருமனாக ஓடுவதை எடுங்கள். மெல்லியதும் தடித்ததுமாக மாறி மாறி வருவது தாளில் அழகு, தகட்டில் மெல்லிய இடம் வளைந்துவிடும்.

நிழல்மரம்

பின்னணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டையாக வெட்டிய எழுத்துக்குப் பின்னால் வெள்ளை மதில் இருந்தால் தெளிவாகத் தெரியும். வானம் இருந்தாலும் தெரியும். வேலியோரம் சொல்வது போல் அடர்ந்த செடிவேலி இருந்தால், கறுப்புத் தகட்டில் ஓட்டை வழியே தெரிவது கரும்பச்சை நிழல். பத்தடி தள்ளி நின்றால் பெயர் கண்ணுக்கே அகப்படாது. கண்காட்சியில் வெள்ளைச் சுவரில் மாட்டியிருக்கும்போது யாருக்கும் இது தோன்றாது.

அதனால் உங்களுக்கு இரண்டு அடுக்குதான் சரி. பின்னால் வெளிர்நிறத் தகடு, முன்னால் அடர்நிறத்தில் எழுத்து வெட்டிய தகடு, நடுவில் இடைவெளிக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் ஸ்பேசர். வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் விளிம்பில் நிழல் விழுந்து ஆழம் தெரியும். கீழ்ப்பக்கத்தை மூடாமல் விடுங்கள், தண்ணீரும் சருகும் இறங்கிவிடட்டும். இன்னும் எளிதாக வேண்டுமானால் ஒற்றைத் தகட்டின் மேல் வெளிர்நிற எழுத்துகளைப் பொருத்தலாம். எதுவானாலும் பளபளப்பு வேண்டாம், மங்கலான பூச்சு கேளுங்கள்.

எழுத்தின் உயரத்துக்குப் பலகை செய்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம். நாற்பது அடியில் இருந்து படிக்க நான்கு அங்குல எழுத்து. அது ஆங்கிலப் பெரிய எழுத்தை மனதில் வைத்துச் சொன்னது. தமிழில் மேலும் கீழும் நீட்டல்கள் இருப்பதால், க அல்லது ட-வின் உடல் மட்டும் அந்த உயரம் வரும்படி பாருங்கள். உங்கள் ஒன்றரை அடியில் தாராளமாக ஒரு வரி, நெருக்கிப் பிடித்தால் இரண்டு வரி. பூ, பறவை, வண்ணத்துப்பூச்சி எல்லாம் சேர்க்க ஆசை வரும். பெயருக்கு இடம் விட்டது போக மிச்சத்தில் சேருங்கள்.

முடிந்தால் அதே அளவில் ஓர் அட்டையை வெட்டி, பெயரை எழுதி, அந்த இடத்தில் கட்டிவைத்து காலையிலும் மாலையிலும் பாதையில் இருந்து பாருங்கள். இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

செடிப்பெட்டி

வாசலில் பெரிய மரம் இருந்தால் அதிலேயே ஆணி அடித்து மாட்டிவிடலாமே? கம்பச் செலவு மிச்சம்.

நிழல்மரம்

மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், தயவு செய்து. அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை நுழையும். மரம் நுனியில்தான் உயரும், அதனால் பலகை அதே உயரத்தில் இருக்கும். ஆனால் தண்டு ஆண்டுதோறும் பருத்து, பலகையின் விளிம்பை மெல்ல விழுங்கும். பிறகு எடுக்கவும் முடியாது. ஒரு காலத்தில் அந்த மரத்தை அறுக்க வருபவரின் வாளில் அந்த ஆணி பட்டால் அவருக்கும் ஆபத்து.

பட்டறைக்காரர்

கம்பம் பற்றி. உங்கள் பலகையின் பரப்பு ஏறக்குறைய 0.42 சதுர மீட்டர். 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு என்றால் ஓட்டைகளைக் கழிக்காமல் 10 கிலோ வரும். அதே அளவு அலுமினியம் மூன்றரைக் கிலோகூட வராது. எல்லாரும் எடையைத்தான் யோசிக்கிறார்கள், கம்பத்தைச் சாய்ப்பது காற்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று இந்தப் பலகையை 24 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. அதனால் கம்பின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள், கான்கிரீட்டில் போகட்டும்.

கம்பத்துக்கு ஹாட் டிப் கால்வனைசிங் கேளுங்கள். 450 டிகிரி சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். பலகைத் தகட்டுக்கு இதைச் செய்யச் சொல்லாதீர்கள். எழுத்து வெட்டிய மெல்லிய தகடு அந்தச் சூட்டில் நெளிந்துவிடும், புள்ளிகளும் அடைத்துவிடும்.

கம்பம் அழுகுவது மண்மட்டத்தில். கான்கிரீட்டின் தலையைத் தரைக்குச் சற்று மேலே தூக்கி, கம்பத்தைச் சுற்றிச் சரிவாக விடுங்கள், தண்ணீர் தேங்காது. குழாய்க் கம்பம் என்றால் மேலே மூடி, உள்ளே சேரும் நீர் இறங்கக் கீழே ஒரு துளை. உரமும் அந்த அடியில் குவிய வேண்டாம், உர உப்புகள் எந்த உலோகத்துக்கும் பகை.

கடற்காற்று

திருகையும் சொல்லிவிடுங்கள் அண்ணே. பித்தளைப் பலகையை இரும்புத் திருகில் மாட்டுபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பட்டறைக்காரர்

ஆமாம். இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் எளிதில் அரிபடும் உலோகம் இன்னொன்றுக்காகக் கரையும். பெரிய செம்பு அல்லது பித்தளைத் தகடும் சின்ன இரும்புத் திருகும் என்றால், முழு அரிப்பும் அந்தத் திருகின் தலையில் இறங்கும். பலகை புத்தம் புதிதாக இருக்கும், ஒருநாள் கழன்று விழும். அலுமினியத் தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் திருகு போடலாம், இடையில் நைலான் வாஷரும் உறையும் வேண்டும், கடலோரத்தில் கட்டாயம். துளையைத் திருகைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஒரு மீட்டர் அலுமினியம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நீளும், இறுக்கிப் பிடித்தால் தகடு புடைக்கும்.

மரக்கம்பம் வைப்பவர்களுக்கு: பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்பு உப்பு ஏற்றிய மரத்தில் அலுமினியத்தை நேரடியாகத் தொடவிடாதீர்கள். ஸ்பேசர் வைத்து விலக்குங்கள்.

துளைகளை எல்லாம் பூச்சுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பொருத்தும்போது "இதோ ஒரு துளை" என்று டிரில்லை எடுப்பவரைத் தடுங்கள்.

வேலியோரம்

மனம் தெளிவாகிவிட்டது. மதில் வேண்டாம், கம்பம்தான். 3 மில்லிமீட்டர் அலுமினியம், இரண்டு அடுக்கு, முன்தகடு அடர்பழுப்பு, பின்தகடு சந்தன நிறம். துருநிற ஆசையை அந்தப் பழுப்பில் தீர்த்துக்கொள்கிறேன். அட்டை மாதிரியை இந்த வாரமே கட்டிப் பார்க்கிறேன். செடிகளுக்கான சின்னத் தகடுகளுக்கு என்ன செய்யலாம்?

எழுத்துப்பித்தன்

சின்னத் தகட்டில் வெட்டு வேலை வேண்டாம், எழுத்து நொறுங்கும். ஒரு மில்லிமீட்டர் அலுமினியத்தில் குடைந்தோ அச்சழுத்தியோ எடுங்கள். பெயின்ட் போனாலும் பள்ளம் இருக்கும், படிக்கலாம். தமிழ்ப் பெயரைப் பெரிதாகவும் தாவரவியல் பெயரைக் கீழே சிறிதாகவும் போடலாம்.

தாவரவியல் பெயர்களும் மாறும் என்பதை மனதில் வையுங்கள். ரோஸ்மேரியை ரோஸ்மேரினஸ் பேரினத்தில் இருந்து சால்வியாவுக்கு 2017-இல் மாற்றினார்கள். சான்செவீரியாவை இப்போது டிராசீனாவில் சேர்த்துவிட்டார்கள். அதனால் தகட்டைக் கம்பியில் நிரந்தரமாக வெல்டிங் செய்யாமல், இரண்டு சின்ன ஆணித்திருகில் நிறுத்துங்கள். செடி மாறினாலும் தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மண்புழு

செடியின் தண்டில் தகட்டைக் கம்பியால் கட்டுவதாக இருந்தால் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு பருக்கும்போது கம்பி இறுகிச் செடியையே நெரித்துவிடும். கவனித்துத் தளர்த்த முடியாது என்றால் மண்ணில் குத்தும் கம்பியே நல்லது.

செடிப்பெட்டி

தாமதமாக ஒரு கேள்வி. இரவில் தெரிய விளக்கு வைக்கலாமா? இரண்டு அடுக்குக்கு நடுவில் எல்இடி பட்டை ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள்.

நிழல்மரம்

15 மில்லிமீட்டர் இடைவெளியில் பட்டையை ஒட்டினால் புள்ளிபுள்ளியாகத் தெரியும். சீராகப் பரவ 30 மில்லிமீட்டராவது வேண்டும், வேலியோரம் இப்போதே ஸ்பேசரை நீளமாக்கிக்கொள்ளலாம். பட்டையை எழுத்துக்கு நேர் பின்னால் ஒட்டாமல் மேல் ஓரத்தில் கீழ்நோக்கி ஒட்டச் சொல்லுங்கள். மஞ்சள் சாயல் வெளிச்சம் எடுங்கள், வெள்ளை நீல வெளிச்சத்துக்குப் பூச்சிகள் அதிகம் வரும். ஸ்பிரிங்க்ளர் படும் இடம் என்பதால் ஐபி65-க்குக் குறையாத, அதாவது தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத பட்டை வேண்டும். வயர் நுழையும் துளையைப் பின்தகட்டின் கீழ்விளிம்பில், ரப்பர் வளையத்தோடு போடச் சொல்லுங்கள். வயர் துளைக்குள் போகும் முன் ஒரு சுற்றுத் தொங்கலாக விட்டால் அதில் ஓடிவரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

வேலியோரம்

ஸ்பேசரை 30 என்று வரைபடத்தில் திருத்திவிட்டேன். துளையும் குறித்தாயிற்று. கோப்பை வளைகோடாக மாற்றி இன்று அனுப்புகிறேன். எழுத்துப்பித்தன், அனுப்பும் முன் பாலங்களை ஒரு முறை பார்த்துத் தர முடியுமா?

எழுத்துப்பித்தன்

அனுப்புங்கள், இன்று மாலையே பார்த்துவிடுகிறேன். அளவு மில்லிமீட்டரில் இருக்கிறதா என்று சேமிக்கும்போது பாருங்கள். டிஎக்ஸ்எஃப் கோப்பில் அலகு தவறினால் மூன்றடிப் பலகை உள்ளங்கை அளவில் வந்து நிற்கும்.